கரி தீர்வதற்குள்

இஞ்சோன்
நவம்பர் 28, வெள்ளிக்கிழமை மதியம்

அன்பு மகன் செவானுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் நன்றாக இருக்கிறேன், சாப்பாடு நேரத்துக்கு நடக்கிறது, முழங்கால் மட்டும் படி இறங்கும்போது சத்தம் போடும், ஏறும்போது பேசாமல் வரும். அங்கே போலந்தில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கி எழுகிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். கடித உறையைப் பார்த்ததும் பயந்திருப்பாய், கையில் போன் இருக்க இந்த மனுஷன் எதற்குத் தாளை எடுத்தான் என்று. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, முதலில் அதை மனசில் போட்டுக்கொள். போனில் சொல்ல முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை நாலு நிமிஷம் பேசுகிறோம், சாப்டியா, சாப்ட்டேன், குளிரா, இல்ல, வேலை எப்படி, ஓடுது, சரி வைக்கட்டா, இதற்கு மேல் நம் இரண்டு பேருக்கும் வார்த்தை வந்ததே இல்லை. உன் அம்மா இருந்தவரை அவள் பேசுவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேளு இதைக் கேளு என்று அவள் கையைக் கிள்ளிக்கொண்டிருப்பேன். அவள் போய் ஆறு வருஷமாகியும் எனக்கு அந்தப் பழக்கம் போகவில்லை, உன்னோடு பேசும்போது இப்போதும் பக்கத்தில் யாரையோ கிள்ளத் தேடுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ வேலை பார்க்கிற கம்பெனிக் குழுமம் வருஷா வருஷம் போடுகிற அறிக்கை இருக்கிறதல்லவா, சுற்றுச்சூழலுக்கு என்ன செய்தோம், ஊருக்கு என்ன செய்தோம் என்று பளபளவென்று வழுக்குகிற தாளில் வருமே, அந்தப் புத்தகம் டிசம்பர் நடுவில் எல்லா ஆலைகளுக்கும் போகிறதாம், உன் மேஜைக்கும் வரும். அதில் முப்பத்தோராம் பக்கத்தைத் திருப்பினால் ஒரு கிழவன் கரிக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பான். அது நான்தான், போன வருஷம் எடுத்த படம். படத்துக்குக் கீழே, "பிள்ளைகள் யாருமின்றித் தனியே வாழும் பெரியவர்" என்று போட்டிருக்கிறார்கள். அதை அவர்கள் இட்டுக்கட்டவில்லை. நான் சொன்னதைத்தான் போட்டார்கள். உன் பக்கத்து மேஜைக்காரன் இது உங்கப்பா மாதிரி இருக்கே என்று கேட்கும் முன்னால் உனக்கு என் வாயால் தெரிய வேண்டும். புத்தகம் அச்சாகிவிட்டது, திருத்த முடியாது, அதனால்தான் தபாலாபீஸில் விரைவுத் தபாலுக்கு எத்தனை நாள் ஆகும் என்று கேட்டுவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். பத்து நாள் என்றார்கள். திட்டுவதானால் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டு.

கரி எதற்கு அப்பா, நம் வீட்டில்தான் கேஸ் பாய்லர் இருக்கிறதே என்று இந்நேரம் நினைத்திருப்பாய். இல்லை. அதுவும் நான் சொன்ன பொய்தான். பாய்லருக்கென்று நீ பணம் அனுப்பிய வாரமே கேஸ் ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்தவன் வரைபடத்தை விரித்துப் பார்த்து, "தாத்தா, உங்க மேடு இடிச்சுக் கட்டுற லிஸ்ட்ல இருக்கு, இன்னிக்கோ நாளைக்கோ இடிக்கப்போற இடத்துக்கு எவன் குழாய் போடுவான்" என்றான். அந்த இன்றைக்கோ நாளைக்கோ தொடங்கிப் பதினொரு வருஷம் ஆகிறது. இடிக்கிற வீடு என்று அடையாளத்துக்குச் சுவரில் அடித்த சிவப்புப் பெயிண்டே வெளுத்துப்போய்விட்டது. அன்று ராத்திரி நீ போட்டாச்சா என்று கேட்டாய், அந்தக் குரலில் ஒரு நிம்மதி ஏற்கனவே வந்து உட்கார்ந்திருந்தது, அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை, போட்டாச்சு என்றுவிட்டேன். பணம் அப்படியே பாங்கில் உன் பெயரில் கிடக்கிறது. அதன் பிறகு நீ வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் பஞ்சு வைத்த கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் பனியனோடு உட்காருவேன், இங்கே ஒரே புழுக்கம் என்பேன். அந்த நாலு நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். நீ வைக்கட்டா என்று கேட்கிற நொடி எனக்கு வருத்தமும் நிம்மதியும் சேர்ந்தே வரும், ஒரு கை போனை விடாது, இன்னொரு கை கோட்டைத் தேடும்.

இப்போது அந்தப் பெரிய பொய்க்கு வருகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் நவம்பரில் ஒரு சனிக்கிழமை, நம் மேட்டடியில் இரண்டு பஸ் வந்து நின்றன, பச்சை மேலங்கி போட்ட எழுபது பேர் படியேறி வந்தார்கள். கம்பெனிக்காரர்கள் குளிர்காலத்துக்கு முன்னால் வந்து வரிசையில் நின்று கரி கொடுத்துவிட்டுப் போவது இங்கே புதிதல்ல, பாங்கிலிருந்து வருவார்கள், மாதா கோவிலிலிருந்து வருவார்கள், அதனால் நானும் வேடிக்கை பார்க்க வாசலுக்கு வந்தேன். முதல் ஆள் பக்கத்தில் வந்ததும்தான் அவன் நெஞ்சில் உங்கள் கம்பெனி முத்திரையை, அந்த இரட்டை இலையைப் பார்த்தேன். சூசொக் பண்டிகைக்கு நீ அனுப்புகிற பரிசுப் பெட்டியில் இருக்கிற அதே இலை. நம் வீட்டுக் கொடியில் என்ன காய்ந்துகொண்டிருந்தது தெரியுமா, "போலந்து ஆலை முதலாம் ஆண்டு விழா" என்று அச்சடித்து அதே இலை போட்ட துண்டு, நீ அனுப்பியது. கரி சுமந்த காலத்தில்கூட நான் அப்படி ஓடியதில்லை. துண்டை உருவிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டேன், அது காயவேயில்லை, ஈரம். அந்தச் சமயம் பதிவேட்டோடு ஒரு பெண் வந்து குனிந்து வணங்கி, "அப்பா, உங்களுக்குப் பசங்க யாராச்சும் இருக்காங்களா" என்று கேட்டாள். நெஞ்சில் தண்ணீர் இறங்கி இடுப்புக்கு வந்துகொண்டிருந்தது. "யாருமில்லம்மா" என்றேன்.

ஏன் என்று நீ கேட்பாய், நானும் மூன்று வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அங்கே ஒரு பிரிவையே நடத்துகிற சொக் செவானின் அப்பா இங்கே இனாம் கரி வாங்கி எரிக்கிறார் என்று ஒரு வாய் சொன்னால் போதும், நீ எந்த முகத்தோடு அந்த ஆபீசுக்குள் நுழைவாய் என்று தோன்றியது. கரியே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், ஆனால் நம் ஊர்க் கரி ஆலை மூடியாகிவிட்டது, பத்து வீட்டுக்காக இந்த மேட்டில் எவனும் சுமந்து ஏறுவதில்லை, காசு கொடுத்தாலும் கிடைக்காது. இதெல்லாம் காரணம்தான், ஆனால் அடியில் வேறு ஒன்று இருந்தது. உனக்கு ஒன்பது வயதிருக்கும்போது நடந்தது. கரி இறக்கிவிட்டு அப்படியே உன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர வருவேன், முகமெல்லாம் கறுப்பாக இருக்கும். ஒரு நாள் நீ தரையைப் பார்த்துக்கொண்டே, "அப்பா, நாளையிலேர்ந்து நீங்க எதிர்ப்பக்கம் நில்லுங்கப்பா, நான் ரோடு தாண்டி வந்துர்றேன்" என்றாய். எனக்குக் கோபமில்லை, அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. மறுநாளிலிருந்து மீன் கடை ஓரமாக நின்றேன், நீ சொன்னபடியே இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஓடி வந்து என் விரலைப் பிடித்துக்கொள்வாய். அன்றைக்கு யாருமில்லை என்று நான் சொன்னதும் அப்படித்தான், பழக்கத்தில் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

உங்கள் ஆட்கள் கரி கொடுக்கிற அழகைப் பார்க்க வேண்டுமே. மேட்டடியிலிருந்து நம் வாசல்வரை வரிசை கட்டி, பச்சைக் குழந்தையைக் கைமாற்றுகிற மாதிரி ஒன்றொன்றாக மாற்றுவார்கள், நடுவில் ஒருவன் கீழே போட்டு உடைப்பான், எல்லாரும் ஐயோ என்று கத்துவார்கள். முதுகுச் சட்டத்தில் இருபத்துநாலு ஏற்றிக்கொண்டு இதே படியில் முப்பது வருஷம் ஏறினவனுக்கு அதைப் பார்க்கச் சிரிப்பும் வரும் கையும் பரபரக்கும். அந்தப் பதிவேட்டுப் பெண்ணின் பெயர் சோதாம், குழுமத்தின் சமூகப் பொறுப்புப் பிரிவில் இருக்கிறாள், முப்பது வயதிருக்கும், வாய் கொஞ்சம் நீளம், மனசு நல்லது. கரி கொடுத்த வேலை முடிந்ததும் மறந்துபோகிறவள் இல்லை. மழை பெய்தால் போன் பண்ணி, "அப்பா, கூரை ஒழுகுதா, பொய் சொல்லாதீங்க" என்பாள். கரிப் புகை அறைக்குள் வந்தால் அலறுகிற ஒரு சின்னப் பெட்டியை அவளே ஸ்டூல் போட்டு ஏறி மாட்டினாள், அதனால் அதை நினைத்து நீ பயப்படாதே. வயசானவனை அப்பா என்று கூப்பிடுவது நம் ஊரில் மரியாதைக்குத்தான் என்று எனக்குத் தெரியாதா, ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறவளும் அப்பா என்கிறாள், ஆனாலும் வாரத்துக்கு ஒரு தடவை அந்த வார்த்தை காதில் விழுவது எனக்கு வேண்டியிருந்தது. நீ இல்லாத இடத்தில் அதை வாங்கிக்கொண்டேன். உன்னிடமிருந்து எடுத்து அவளிடம் கொடுத்தமாதிரி ஒரு கூச்சமும் இருந்தது.

போன ஜூன் மாதம் அவள் சுவர் அளக்கிற ஆளோடு வந்தாள். முகம் சரியில்லை. "அப்பா, இந்த வருஷத்தோட கம்பெனி கரி குடுக்கிறத நிறுத்துது. காத்துல புகை சேக்காம தொழில் நடத்துவோம்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, ஒரு பக்கம் நாங்களே லாரி லாரியா கரி இறக்கினா கேக்கிறவன் சிரிக்க மாட்டானா" என்றாள். ஒரு கரிக்கட்டி எரிந்தால் வானத்துக்கு எவ்வளவு கெடுதல் என்று விரல் விட்டுச் சொன்னாள். நான் சுமந்ததையெல்லாம் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன், கூட்ட முடியவில்லை. ஒன்று தெரியுமா, எனக்குக் கோபம் வரவில்லை. நான் கறுப்பாக்கின வானத்தை என் மகன் பாட்டரி செய்து வெளுக்கப் போயிருக்கிறான், அப்பனும் பிள்ளையுமாகச் சேர்ந்து பார்த்தால் சரியாகப் போய்விடும் என்று வாய்வரை வந்தது, அப்போதுதான் எனக்குத்தான் பிள்ளையே இல்லையே என்று ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன். நல்லதைச் செய்கிறபோதும் நடுவில் ஒருவன் குளிரில் உட்கார வேண்டியிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அதற்கு அவள், "அதுக்குத்தான் வந்திருக்கேன், உங்கள சும்மா விட்டுருவேனா" என்றாள். இங்கே கூரையில் சூரியத் தகடு வைக்கலாமா என்று அளந்து பார்த்தார்கள், நம் கூரை ஒரு பூனையைத் தாங்கினால் அதிசயம் என்றுவிட்டான் அந்த ஆள். ஆகவே மேட்டடியில் குழுமம் ஒரு கட்டடம் கட்டியிருக்கிறது, பன்னிரண்டு அறை, தரை முழுக்க வெதுவெதுப்பு, புகையே கிடையாது, பிள்ளை குட்டி இல்லாத வயசானவர்களுக்கு மட்டும். நம் மேட்டுக்கு ஒரே ஒரு அறை. முதல் பெயர் என்னுடையது, புத்தகத்தில் படம் போட்ட ஆள் இல்லையா. இரண்டாவது பெயர் குவாக்.

குவாக்கை மறந்திருக்க மாட்டாய், படி தொடங்குகிற இடத்தில் பெட்டிக்கடை வைத்திருக்கிறாரே, நீ அழுதுகொண்டு வந்தால் சிவப்புப் பயறு வைத்த ரொட்டியை எடுத்து நீட்டுவாரே, அவர்தான். எழுபத்தாறு வயசு, கல்யாணமே ஆகவில்லை, உண்மையிலேயே யாருமில்லாத மனுஷன், கடைக்குப் பின்னால் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் மின்சாரப் பாயைப் போட்டுப் படுத்துக்கொள்கிறார், அந்தப் பாயும் பாதிதான் சுடும். எனக்கு ஒரு மகன் இருப்பது இந்த மேட்டிலேயே நன்றாகத் தெரிந்தவர் அவர். மூன்று வருஷமாக வாயைத் திறக்கவில்லை. எப்போதாவது சோஜு சாராயம் ஊற்றும்போது மட்டும், "என்னடா பிள்ளையில்லாதவனே, போலந்துல பனி பெய்யுதாமே" என்று ஒரு குத்து குத்துவார். அறை விஷயம் தெரிந்ததும் நான் விலகிக்கொண்டிருக்க வேண்டும். இன்றைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம், எப்படியும் குடும்பச் சான்று கேட்கும்போது தெரிந்துவிடும் என்று தள்ளித் தள்ளி நவம்பர் வந்துவிட்டது, சான்றை யாரும் கேட்கவேயில்லை. அந்த வெதுவெதுப்பான தரையையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார்கள். காலை வைத்தேன், எடுக்க மனசில்லை. இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

போன சனிக்கிழமைதான் கரி கொடுக்கிற கடைசி நாள். முந்நூறு கரிக்கட்டி, அதோடு சரி. சோதாமின் பிரிவுத் தலைவரே வந்திருந்தார், தங்க ஃப்ரேம் கண்ணாடி, நல்ல மனுஷன், ஆனால் படம் பிடிக்கிற ஆளோடுதான் நடப்பார். கரி கொடுக்க வந்த பிள்ளைகள் ஒருத்தர் மூக்கில் ஒருத்தர் கரி தடவிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், அது அவர்களுக்கு ஒரு வழக்கம், வேலை செய்ததற்கு அடையாளம். பிரிவுத் தலைவர் என்னிடமும் வந்து, "அப்பா, உங்க கன்னத்துலயும் லேசா தடவிக்கலாமா, கடைசிப் படம் பாருங்க" என்றார். அந்தக் கறுப்பைத் தேய்த்துக் கழுவிக் கழுவியே உன்னைப் படிக்க வைத்த மனுஷன் நான். "ஐயா, முப்பது வருஷம் இதைக் கழுவத்தான் சோப்பு வாங்கினேன், இப்ப இனாமா பூசறீங்களே" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், பூசியும் விட்டார்கள். படம் எடுத்து முடித்ததும் சோதாம்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் துண்டு தேடிச் சமையல்கட்டுக்குள் போனாள். அலமாரிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் அது தொங்குகிறது என்பது எனக்கு உறைப்பதற்குள் அவள் கையில் எடுத்துவிட்டாள். போலந்து ஆலை, முதலாம் ஆண்டு, இரட்டை இலை. நின்று படித்தாள். "அப்பா, இந்தத் துண்டு தலைமையகத்துல எங்களுக்கே கிடைக்கல. அங்க வேலை பாக்கிறவங்களுக்கு மட்டும்தான் குடுத்தாங்க" என்றாள், மெதுவாக. சந்தையில் வாங்கினேன் என்றேன். அவள் எழுத்து தெரியாதபடி துண்டைத் திருப்பி மடித்து, வெற்றுப் பக்கத்தால் என் கன்னத்தைத் துடைத்துவிட்டு, மறுபடி அதே ஆணியில் மாட்டிவிட்டு வந்தாள். என் பொய்யைக்கூட அந்தப் பெண் மடித்து வைத்தாள் பார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வெளியே குவாக் கடை முன்னால் எல்லாருக்கும் மீனை அரைத்துத் தட்டின வில்லை போட்ட சூடான சாறு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பிரிவுத் தலைவர் அந்தப் புது அறையின் சாவியை உயர்த்திக் காட்டி, "இந்த உலகத்துல தனக்குன்னு யாருமே இல்லாத நம்ம சொக் மான்ஷிக் அப்பாவுக்கு இன்னிலேர்ந்து நாமதான் குடும்பம்" என்றார். கைதட்டினார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டியது குவாக். பனியில் வெடித்த கை அது, கரண்டியை இடுக்கில் வைத்துக்கொண்டு தட்டினார், என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி, வாங்கிக்கோ வாங்கிக்கோ என்று கண்ணால் சொன்னார். நான் எழுந்தேன். நன்றி சொல்லப்போகிறேன் என்று படம் பிடிக்கிறவன் கிட்டே வந்தான். "எனக்கு ஒரு மகன் இருக்கான்" என்றேன். அதற்கு மேல் பேச ஒன்றும் யோசித்து வைத்திருக்கவில்லை, ஆனால் வாய் நிற்கவில்லை செவான். "பேரு சொக் செவான், உங்க போலந்து ஆலையிலதான் இருக்கான், நாப்பத்தோரு வயசு, என்னவிட ஒரு சாண் உசரம், வெள்ளரிக்காய கண்டா ஓடுவான், சின்ன வயசுல கணக்குல நூத்துக்கு நூறு, அவங்கம்மா சாயல், காது மட்டும் என்னுது" என்று போய்க்கொண்டே இருக்கிறேன். எழுபது பேரும் கையில் கிண்ணத்தோடு அப்படியே நிற்கிறார்கள். மூன்று வருஷமாகத் தொண்டையில் கிடந்ததெல்லாம் வெளியே வருகிறது. உன் பெயரை உரக்கச் சொல்லி எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்திருக்க வேண்டும், இல்லை, சந்தோஷமாக இருந்தது, அதை உன்னிடம் எப்படிச் சொல்வேன்.

பிரிவுத் தலைவருக்குக் கண்ணாடியெல்லாம் ஆவி பிடித்துவிட்டது. பின்னே ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டார், உங்க சட்டையில இருக்கிற இலைதான்யா காரணம் என்றேன், அவருக்குப் புரியவில்லை, சோதாம் காதில் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எங்கப்பாவும் கிராமத்துல தனியாத்தான் இருக்காரு" என்று மட்டும் சொல்லிச் சாவியைக் குவாக் பக்கம் நீட்டினார். குவாக் வாங்காமல் என்மேல் பாய்ந்தார், "மடையா, நான் உன்ன கேட்டனா, ஊர்ல எல்லாருக்கும் குளிருது, உனக்கு மட்டும் நியாயம் பொத்துக்கிட்டு வருதோ" என்று கரண்டியோடு கத்தினார், பிறகு உட்கார்ந்து அழுதார். மறுநாளே அவருடைய பாதி சுடுகிற மின்சாரப் பாயைச் சுருட்டிக் கொண்டுவந்து என் அறையில் போட்டுவிட்டுப் போனார். நாளைக்கு அவர் குடிபோகிறார், நான்தான் பெட்டி தூக்கப்போகிறேன். பஸ் கிளம்பும் முன் சோதாம் தனியாக வந்து, "மூணு வருஷமா உங்கள அப்பான்னு கூப்பிட விட்டீங்களே, எங்கிட்டயாவது சொல்லக் கூடாதா" என்று கோபப்பட்டாள். "யாராவது கூப்பிடணுமில்ல" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊழியரின் பெற்றோர் என்பதால் ஆபீசிலிருந்து உனக்கு முறைப்படி ஒரு கடிதம் வரவேண்டுமாம், நீ முதலில் என் வாயால் கேட்கட்டும் என்று அதை மூன்று வாரம் தன் மேஜையிலேயே வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். உனக்கு அங்கே யார் முன்னாலும் தலைகுனிவு வந்தால் என்மேல் போடு, கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சொல்லிக்கொள், நான் மறுக்க மாட்டேன்.

இன்னும் ஒன்று பாக்கியிருக்கிறது, இதைச் சொல்லத்தான் தாளை எடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது. அம்மா காரியம் முடிந்த மூன்றாம் நாள் நீ போனாய். அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை, "அப்பா, வரட்டுமா" என்று கேட்பாய். நான் உடனே, எதற்கு வீண் செலவு, வேலையைப் பார், நான் நன்றாகத்தானே இருக்கிறேன், வேண்டாம் என்பேன். அந்த வேண்டாமும் பொய்தான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நீ இன்னொரு தடவை கேட்பாயா என்று காதை வைத்துக்கொண்டிருப்பேன், நீ நல்ல பிள்ளை, சொன்னால் கேட்கிறவன், சரிப்பா என்றுவிடுவாய். அறை போனதில் எனக்கு வருத்தமில்லை. கீழே போயிருந்தால் நீ என்றாவது வரும்போது எந்தப் படியில் ஏறுவாய், கதவு பூட்டியிருக்குமே என்ற கவலை வேறு எனக்கு இருந்தது. புத்தாண்டு கழிந்து ஐந்தாம் நாள் அம்மாவின் திதி வருகிறது. ஆறு வருஷமாகப் படையலில் உன் பங்கு மதுக் கிண்ணத்தையும் நான்தான் ஊற்றுகிறேன், உனக்காக ஒரு தடவை, எனக்காக ஒரு தடவை விழுந்து வணங்கி எழுந்திருக்கிறேன், முழங்கால் இப்போது கணக்குக் கேட்கிறது. அவள் படத்துக்கு முன்னால் நீ நின்று ஊற்றினால் அவளுக்குத் தெரியாமலா போகும். கேட்டு வாங்குகிற வழக்கம் எனக்கு இல்லை, ஆனால் இந்தத் தடவை கேட்கிறேன். வா. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும்.

குளிரில் காது மறைக்கிற தொப்பி போட்டுக்கொள், வெறும் வயிற்றில் காபி குடிக்காதே, தொண்டையைக் கட்டினால் இஞ்சி போட்ட தேன் கலந்து குடி, புத்தகம் வந்ததும் முப்பத்தோராம் பக்கத்தைப் பார்த்து அழாதே, அதில் நான் நன்றாகத்தான் விழுந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது கோட்டோடுதான் உட்காரப் போகிறேன், பழகிக்கொள். நீ கைவைக்கிற காரியமெல்லாம் கூடிவரட்டும், எந்த நோயும் உன்னை அண்டாமல் இருக்கட்டும், நீ செய்கிற பாட்டரி எந்தப் பிள்ளையின் அப்பாவையும் கறுப்பாக்காமல் வீட்டைச் சூடாக்கட்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. முந்நூற்றில் இன்றுவரை பதினெட்டு எரித்திருக்கிறேன், நாளுக்கு மூன்று, இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது இருநூற்று ஐம்பத்திரண்டு இருக்கும், மார்ச் தொடங்கும்போது தீர்ந்துவிடும். கரி தீர்வதற்குள் வா என்று எழுதத்தான் நினைத்தேன், தீர்ந்த பிறகானாலும் வா. இரண்டு பக்கமும் பார்த்துத் தாண்டி வா, நான் எதிர்ப்பக்கத்தில்தான் நிற்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
சொக் மான்ஷிக்